தேவையில்லாத கையெழுத்து

— பொறுங்க ஆன்ட்டி, லோன் பேப்பர்ட பதினோராம் பந்திய இன்னொருக்கா வாசிக்கிறேன். நான் பிழையா விளங்கிட்டா பொறகு கம்பனில என்னத்தான் ஏசுவாங்க. “அறவிடப்படும் வட்டியானது நடைமுறையிலுள்ள சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவை மீறுமிடத்து, அவ்வுச்ச அளவுக்குத் தானாகவே குறைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.”

— தம்பி பாயிஸ், அதைத் தமிழ்ல சொல்லுங்க பாப்பம்.

— இது தமிழ்தானே ஆன்ட்டி.

— இது கோட்டுத் தமிழ். எனக்குக் குசினித் தமிழ்ல சொல்லுங்க.

— அதாவது, சட்டம் உட்ட அளவுக்கு மேல கம்பனி வட்டி போட்டிருந்தா, மேல போட்டது செல்லாது. சட்டத்துட அளவுதான் கணக்கு. கம்பனி மேல குத்தமும் இல்ல.

— ஓஹோ! பாவம் செய்ய முந்தியே பாவமன்னிப்பு எழுதி வைச்சிருக்கிறாங்க. எங்கட கொட்டாஞ்சேனை ஃபாதர் எண்டா, முதல்ல செய்திட்டு வா, பிறகு பாப்பம் எண்டுதான் சொல்லுவார்.

— மேபல், நீர் சும்மா இரும். அந்தப் பந்தி கடன் வாங்கிற ஆளுக்குத்தான் நல்லது. கந்தோரிலை இப்பிடி எத்தினை பந்தி எழுதினவன் நான், விளங்குதோ? தம்பி, நீர் வாசியும்.

— பாருங்க தம்பி, இவர் பென்சன் எடுத்து நாலு வருசம். இன்னும் கந்தோர்ல இருந்து வீட்டுக்கு வந்து சேரல்ல. வெள்ளவத்தைக்கு பஸ் கிடைக்கல்ல போல.

— பன்னிரண்டும் பதிமூணும் லேசு. கட்ட ஏலாமப் போனா என்ன நடக்கும் எண்டது.

— அது நடக்காது. விடுங்க.

— பதினாலுதான் ஆன்ட்டி… இதுல கொஞ்சம் நிண்டு போகணும்.

— ஏன், அங்கயும் செக்பொயின்ட் போட்டிருக்கா?

— ஒரு மாதிரி அப்பிடித்தான். “கடன் பெறுபவர் எச்சட்டத்துக்கு உட்பட்டவர்” எண்டு கேக்குது. இந்த நாட்டுல எல்லாருக்கும் ஒரே சட்டம் இல்லியே. கண்டி ஆக்களுக்கு ஒண்டு. எங்கட ஆக்களுக்கு முஸ்லிம் சட்டம். யாழ்ப்பாணத்தாக்களுக்குத் தேசவழமை. மத்தவங்களுக்குப் பொதுச் சட்டம். ஆரு எதுக்குள்ள ஈக்காங்க எண்டு பாக்காம கம்பனி வீடு வாசல ஈடு எடுக்காது.

— இதுல என்ன பாக்க இருக்கு? நான் கொட்டாஞ்சேனையில பிறந்தவ. ஞானஸ்நானம் அங்க, படிச்சது அங்க, கலியாணம் அங்க. ஈடு வைக்கிற வீடும் அங்கதான், என்ட தம்பி பற்றிக் இருக்கிறது. எங்கட அம்மா எனக்கு எழுதித் தந்த வீடு. பொதுச் சட்டம் எண்டு எழுதுங்க.

— வீடு உங்கடதான். அதுல பிரச்சின இல்ல. ஆனா நீங்க முடிச்சது ஆர?

— இந்தா, சாய்மனைக் கதிரையில படுத்திருக்கிற இவரைத்தான்.

— அங்கிள் யாழ்ப்பாணத்தார் எண்டா, அவர முடிச்ச நாள்ல இருந்து உங்களுக்கும் தேசவழமைதான் ஆன்ட்டி. உங்கட சொந்த வீடா இருந்தாலும், ஈடு வைக்க அங்கிள் எழுத்துல சம்மதம் தரணும்.

— என்ன? திருப்பிச் சொல்லுங்க.

— மிஸ்டர் வரதராசா கையெழுத்து வைக்காட்டி லோன் இல்ல.

— அய்யோ மாதாவே! நான் இந்த மனுசன்ட கோப்பாய்க் கிணத்துல ஒரு வாளி தண்ணி அள்ளினதில்ல. மோதிரம் மாத்தின கையோட என்னையும் யாழ்ப்பாணச் சட்டம் பிடிச்சிட்டுதா?

— தம்பி பாயிஸ், அந்தப் பந்தியை இன்னொருக்கா வாசியும். ஆறுதலா. என்ரை மனுசிக்கு விளங்கேல்லை.

— எனக்கு விளங்கிட்டுது. இஞ்சேருங்க, அந்தச் சிரிப்பை நிப்பாட்டுங்க.

— நான் எங்கை சிரிக்கிறன்? கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு, இந்த வீட்டிலை என்ரை சொல்லுக்கும் ஒரு பெறுமதி இருக்கெண்டு கம்பனிக்காரன் வந்து சொல்லுறான். அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன்.

— சரி, கேட்டாச்சுதானே. பேனை இந்தா இருக்கு. வையுங்க.

— நான் சம்மதம் எண்டு எப்ப சொன்னனான்?

— இவ்வளவு நாளும் பேசாமத்தானே இருந்தீங்க!

— பேசாம இருக்கிறது வேறை, எழுதிக் குடுக்கிறது வேறை. விளங்குதோ?

— தம்பி, வத்தளையில ஒரு பேக்கரி பூட்டுறாங்க. அதுட பாண் சுடுற போறணையை எனக்கெண்டு சொல்லி வைச்சிருக்கு. நாளைக்குள்ள சல்லி குடுக்கல்ல எண்டா அவன் வேற ஆளுக்குக் குடுத்துருவான். அந்தப் போறணை இல்லாட்டி நான் போடப்போற பற்றிஸ் கடையும் இல்ல. நாங்க குடியிருக்கிற இந்த வீட்டுச் சொந்தக்காரி வாடகையைக் கூட்டப் போறா. இவர்ட பென்சன் பாதி பிரஷர் குளிசைக்குப் போகுது. நான் இந்தக் குசினியில ரெண்டு அடுப்புல பற்றிஸ் பொரிச்சு எவ்வளவு காலம் இழுக்கிறது?

— நான் பொரிக்கவேண்டாம் எண்டு சொல்லேல்லையே.

— எத்தனை மீன் பற்றிஸ் வேணும் ஒரு கையெழுத்துக்கு? சொல்லுங்க.

— பாத்தீரோ தம்பி, அரசாங்க உத்தியோகத்தனுக்கு லஞ்சம்.

— அங்கிள், ஆன்ட்டி, சண்டை பிடிக்காதீங்க. எனக்கி நூறு வீதம் செல்ல ஏலா. நான் பின்னேரக் கிளாஸ்லதான் சட்டம் படிக்கிறேன். ஆனா எங்கட சேர் சென்னது ஞாபகம் ஈக்கி. யாழ்ப்பாணத்துல பொறந்த எண்டா மட்டும் போதா. நிரந்தர வீடு எங்க, திரும்பிப் போற எண்ணம் ஈக்கா, அதெல்லாம் பாக்கணுமாம். கொழும்புலயே நிரந்தரமா தங்கிட்ட ஆள் எண்டா, தேசவழமை இல்ல எண்டும் வழக்காடலாமாம்.

— அப்பிடிச் சொல்லுங்க என்ட ராசா! இவர் பொடியனா இருக்கேக்க கொழும்புக்கு வந்தவர். கோப்பாயில இவரை நாய்க்கும் தெரியாது.

— எழுதும் தம்பி, எழுதும். பிறந்தது கோப்பாய். வீடு இருக்கிறது கோப்பாய். முற்றத்திலை மூண்டு மாமரம், கறுத்தக்கொழும்பான். சண்டை முடிஞ்சு யாழ்தேவி ஓடுற அண்டைக்கு முதல் ரிக்கற் என்ரை. செத்தாச் சாம்பல் கீரிமலையிலை. இதைவிட என்ன எண்ணம் வேணும்?

— டிக்கட்டுக்குச் சல்லி?

— அது நீர் தருவீர்தானே, பற்றிஸ் வித்து.

— அங்கிள் இப்பிடிச் செல்லேக்க நான் கொழும்பு எண்டு எழுத ஏலா ஆன்ட்டி. மெனேஜர் கேட்டா என்ன செல்ற?

— ஒண்டும் சொல்லவேணாம். இருங்க, தேத்தண்ணி போடுறன். சீனி முடிஞ்சுது. பக்கத்து வீட்டு செலீனிட்ட ஒரு சுண்டு வாங்கிக்கொண்டு வாறன். நீங்க ரெண்டு பேரும் கோப்பாய் மாமரத்துல ஏறி இருங்க.

— சீனி நேற்றுத்தானே வாங்கினது? … போட்டா. கேக்கிறதுக்குள்ளை கேற்றடிக்குப் போட்டா.

— அங்கிள், கோவிக்காதீங்க. ஒரு விசயம் கேக்கவா? ஆன்ட்டிட பற்றிஸ் எங்கட ஒபிசுக்கும் வாற. பத்து மணிக்கு முந்தி முடிஞ்சிரும். லோன கட்டிருவாங்க எண்டு எனக்கே தெரியிது. நீங்க என்னத்துக்கு வேணாம் எண்றீங்க?

— ஆர் தம்பி வேண்டாம் எண்டது? அவளின்ரை கைக்கு இந்தக் கொழும்பிலை ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனா நீர் இப்ப வந்து, வரதராசா சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சார் எண்டு ஒரு பேப்பரை உண்டாக்கப் போறீர்.

— அதுல என்ன?

— எனக்கு மூத்தவர் ஒருத்தர் இருக்கிறார், பெரியதம்பி அண்ணை. லண்டனிலை இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை வாறார். வந்து இந்தக் கதிரையிலைதான் இருப்பார். கொட்டாஞ்சேனையிலை கலியாணம் கட்டினதுக்கே ஏழு வருசம் என்னோடை கதையாம இருந்தவர். “டேய் வரதா, மனுசியைக் கடையிலை இருத்திறதுக்கு நீயே கையெழுத்தும் வைச்சனியோ?” எண்டு கேப்பார். நான் என்ன சொல்ல?

— ஓம் எண்டு செல்லுங்க.

— நீர் பெரியதம்பி அண்ணையைப் பாக்கேல்லை. அவருக்கு முன்னாலை ஓம் எண்டு சொல்லிறதுக்கு என்னட்டை வாய் இல்லை. சட்டம் என்னைக் கேளாமலே விட்டிருந்தா எனக்கும் நிம்மதி. கேட்டுப்போட்டுது. இனி யாழ்ப்பாணத்தான் எண்டு நிமிர்ந்து நிக்கிறதைத் தவிர வேறை வழி இல்லை.

— எனக்கி இதுக்கும் ஒரு பந்தி ஈந்தா நல்லம் போல தோணுது.

— இல்லை. அண்ணன்மாருக்கு ஒரு கம்பனியும் பந்தி எழுதேல்லை.

— ஆ, இன்னும் மாமரத்துலதானா? செலீன் வீட்டுல கதை கூடிட்டுது. தம்பி, இந்தாங்க தேத்தண்ணி. இஞ்சேருங்க, டெலிபோன் அடிக்குது. உங்களுக்குக் கிட்டத்தானே இருக்கு, எடுங்க.

— ஹலோ… ஓம், வரதராசா வீடு… ஆர்?… பொலிஸோ?

— என்னவாம்?

— ஸ்ஸ்… சத்தம் போடாதையும்… ஓவ் மஹத்தயா, ஓவ்… சேருக்குத் தமிழ் தெரியுமோ? நல்லதாப் போச்சு… ஓம் சேர், பதிவு எல்லாம் செய்தனாங்கள். வீட்டிலை நானும் மனுசியும். மனுசி கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கம்… நானோ? நான் கொழும்பு சேர்… இல்லை சேர், பிறந்ததுதான் அங்கை. பிள்ளைக்கு எங்கை பிறக்கிறதெண்டு தெரியுமோ சேர்?

— ஆன்ட்டி, அங்கிள் எழும்பி நிக்கிறார்.

— பொலிஸ் எண்டா இவருக்குக் கதிரை சுடும் தம்பி. நீங்க காது குடுங்க.

— கோப்பாய் வீடோ? அதை வீடெண்டு சொல்லேலாது சேர். கூரையும் இல்லை, கதவும் இல்லை… திரும்பிப் போறதோ? சீச்சீ! ஏன் போறது? ஆர் இருக்கினம் அங்கை? தண்ணியும் உவர்… எழுதிக்கொள்ளுங்கோ சேர். நிரந்தரம். கொழும்பு நிரந்தரம். சண்டை முடிஞ்சாலும் போகமாட்டன்… செத்தாலும் பொரளைக் கனத்தையிலைதான் சேர். இப்பவே இடம் பாத்து வைச்சிருக்கு… ஓம்… ஓம்… மெத்தப் பெரிய உபகாரம் சேர். பொஹோம ஸ்துதி. வைக்கிறன்.

— என்னவாம்?

— ஒண்டுமில்லை. வதிவிடப் பதிவைத் திருப்பிப் பாக்கிறாங்களாம். கொஞ்சம் தண்ணி தாரும்.

— இந்தாங்க. தம்பி பாயிஸ், கேட்டீங்கதானே?

— கேட்டேன் ஆன்ட்டி.

— நிரந்தரம் எங்க?

— கொழும்பு.

— திரும்பிப் போற எண்ணம்?

— சீச்சீ எண்டு சென்னார்.

— சாம்பல்?

— சாம்பல் இல்ல. இப்ப பொரளைல அடக்கம் எண்டு வெளங்குது.

— எட, அது பொலிஸுக்குச் சொன்னது! தம்பி, நீர் படிச்ச பிள்ளை. பொலிஸுக்கு ஒண்டு சொல்லிறது, கம்பனிக்கு ஒண்டு சொல்லிறது. இது இந்த வெள்ளவத்தையிலை எல்லாத் தமிழரும் செய்யிற வேலை. விளங்குதோ?

— எனக்கி விளங்குது அங்கிள். பேப்பருக்கு விளங்காதே. நான் இப்ப அங்கிள் யாழ்ப்பாணத்தார், திரும்பிப் போக எண்ணம் ஈக்கி எண்டு எழுதினா, நீங்க அதுக்குக் கீழ கையெழுத்து வைக்கணும். நோட்டரி அதப் பதிவார். பொறகு அது காணிக் கந்தோருக்குப் போகும்.

— போகட்டும்.

— அங்க கட்டணம் கட்டினா ஆரும் எடுத்துப் பாக்க ஏலும்.

— ஆரும் எண்டா?

— ஆரும்தான்.

— இஞ்சேருங்க, யோசிச்சுப் பாருங்க. இப்ப அந்த சேர் ஒரு இடத்துல எழுதிட்டார், வரதராசா கொழும்பு நிரந்தரம், செத்தாலும் போகமாட்டான் எண்டு. நாளைக்கு இன்னொரு பேப்பர் வெளிக்கிடுது, வரதராசா கோப்பாய், முதல் ரெயின்ல போவான் எண்டு. ரெண்டுக்கும் நடுவுல உங்களை இருத்தி வைச்சுக் கேள்வி கேட்டா, நான் பற்றிஸ் கொண்டுவந்து தர வேணுமா இல்லையா?

— நீர் என்னைப் பயப்படுத்திறீர்.

— நான் ஏன் பயப்படுத்துறன்? யாழ்ப்பாணத்தான் எண்டு நிமிர்ந்து நில்லுங்க. நான் இண்டைக்கே உங்கட உடுப்பை ஒரு பேக்ல போட்டு வைக்கிறன்.

— தம்பி பாயிஸ்.

— செல்லுங்க அங்கிள்.

— கொழும்பு எண்டு எழுதினா என்ன நடக்கும்?

— நீங்க கொழும்புல நிரந்தரம் எண்டா, ஆன்ட்டிக்குப் பொதுச் சட்டம். பொதுச் சட்டத்துல கலியாணம் முடிச்ச பொம்புளை தன்ட வீட்டத் தானே ஈடு வைக்கலாம். உங்கட சம்மதம் தேவையில்ல. நூறு வீதம் செல்ல ஏலா, மெனேஜரும் நோட்டரியும் பாத்துத்தான் முடிவு செய்வாங்க. ஆனா எனக்கி சரி போலத்தான் தோணுது.

— அப்ப என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.

— கேக்கல்ல.

— நான் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

— சட்டத்துக்கு நீங்க இந்த அறையிலயே இல்ல அங்கிள்.

— ம்… என்ன செய்யிறது. காலம் கெட்டுப்போச்சு. எழுதும். கொழும்பு எண்டே எழுதித் துலையும்.

— அப்ப இதுல ஒரு சத்தியக் கடதாசி ஈக்கி. “நான் கொழும்பில் நிரந்தரமாக வதிபவன், தேசவழமைக்கு உட்பட்டவன் அல்லன்” எண்டு. வாசிச்சுப் பாத்துட்டு இதுல கையெழுத்து வைங்க.

— கையெழுத்தோ? கையெழுத்துத் தேவையில்லை எண்டு இப்பதானே சொன்னீர்!

— தேவையில்ல எண்டதுக்குத்தான் அங்கிள் இந்தக் கையெழுத்து.

— ஹா! பாருங்க, கம்பனிக்காரன் உங்களை எப்பிடியும் விடமாட்டான். வையுங்க ராசா வையுங்க. இவ்வளவு அழகான கையெழுத்தைச் சும்மா வைச்சிருந்து என்ன?

— சிரியும் மேபல், நல்லாச் சிரியும். இந்தா. “வ. வரதராசா.” கொழும்பான். சரியோ?

— சரி அங்கிள். திகதி மட்டும் பிழையாப் போட்டிருக்கீங்க. பொறுங்க… நான்தான் பிழை. இண்டைக்கு வியாழன்தான். மன்னிச்சுக்கொங்க.

— தம்பி, எழும்புங்க, எழும்புங்க. புதுக்கடை நோட்டரி நாலு மணிக்குப் பூட்டிருவார். செக்பொயின்ட்ல எவ்வளவு நேரம் நிப்பாட்டுவாங்களோ தெரியாது. த்ரீவீல் பிடிப்பம். இஞ்சேருங்க, மேசையில பற்றிஸ் மூடி வைச்சிருக்கு. கோவத்துல தின்னாம இருக்காதீங்க.

— நான் ஏன் கோவிக்கிறன்? நான்தான் இந்த அறையிலை இல்லையே. போட்டு வாங்கோ. ஐடென்ரிக் காட் எடுத்தனீரே?

— எடுத்தன், எடுத்தன். கதவைப் பூட்டுங்க.

— ம், படி இறங்கிட்டினம். இனி டெலிபோனை எடுப்பம்.

— ஹலோ. பற்றிக்கோ? அத்தான் கதைக்கிறன், வெள்ளவத்தையிலை இருந்து… ஓம், உங்கடை அக்கா இப்பதான் வெளிக்கிட்டவள். பேப்பர் எல்லாம் சரி. போறணை வந்திடும்… சந்தோசம்தான். ஏன் சேர், இப்பவும் இருமல் விடேல்லையோ?

— என்ன சேரோ? உன்னைச் சேர் எண்டுதானே கூப்பிடவேணும்? பொலிஸிலை சேந்தனீ எண்டு எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை… டேய், போனை வையாதை. நான் ஏசேல்லை.

— எப்பிடித் தெரியுமோ? சிங்கள ஆளைப்போலை தமிழை உடைச்சுக் கதைச்சாய், அது நல்லாத்தான் இருந்தது. ஆனா கடைசியிலை “சரி அத்தான், வைக்கிறன்” எண்டெல்லோ சொன்னனீ! எந்தப் பொலிஸ்காரன் என்னை அத்தான் எண்டு கூப்பிட்டவன்? அதுக்கு முதலே, நீ இருமின உடனையே பிடிச்சிட்டன்.

— பிறகேன் எழும்பி நிண்டு கனத்தை வரைக்கும் போனனான் எண்டு கேக்கிறியோ? கேள். பொலிஸுக்குப் பயந்து கொழும்பான் எண்டு சொன்னதெண்டா, பெரியதம்பி அண்ணை பாவம் எண்டு முதுகைத் தடவுவார். மனுசி ஆசைப்பட்டாள், அதுக்காகச் சொன்னனான் எண்டா, என்ரை செத்தவீட்டுக்கும் வரமாட்டார். விளங்குதோ?

— சீனி வாங்கிற சாட்டிலை செலீன் வீட்டிலை இருந்து அவள் உன்னை ஏவினது எனக்குத் தெரியும் எண்டு அக்காவுக்கு மூச்சுக் காட்டாதை. புருசனை மடக்கிப்போட்டன் எண்ட சந்தோசத்திலை படி இறங்கிப் போறாள். அதைக் கெடுக்கக்கூடாது… ஓம், தின்னுறன், வாய்க்குள்ளை இருக்கிறது அவளின்ரை பற்றிஸ்தான்.

— இன்னொரு அலுவல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணை இஞ்சை சாப்பிட வந்திருப்பார். அவரின்ரை காதிலை விழ, அந்த நேரம் பாத்து இன்னொருக்காப் பொலிஸிலை இருந்து எடு. அண்டைக்கு மட்டும் “அத்தான்” எண்டு சொல்லிப்போடாதையுங்கோ, சேர்.